பிள்ளைகளின் உடற்பருமனும் நமது பண்டகசாலையும்

பிள்ளைகளின் உடல்நலத்தைப் பற்றி நம் சங்கங்களில் பேச்சு எழும்போதெல்லாம் இளைத்த பிள்ளையைப் பற்றியே பேசி வந்திருக்கிறோம். அது நியாயமே. நூல் கிடைக்காத மாதங்களில் நெசவாளர் வீட்டு அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் உழவர் வீட்டுக் குழந்தைகள் எப்படியிருந்தன என்பதை முதியவர்கள் அறிவார்கள். ஆகவே கன்னம் உப்பி, வயிறு முன்தள்ளி நடந்து வரும் பிள்ளையைக் கண்டால், 'நல்ல வளர்ப்பு' என்று தாயைப் பாராட்டுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. பசியை அறிந்த மக்கள் கொழுப்பைச் செல்வமாக எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும் அந்தப் பாராட்டைச் சற்றே நிறுத்திவைத்து, பிள்ளையை உற்றுப் பார்க்க வேண்டிய நிலைமை இன்று வந்திருக்கிறது.

ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யூனிசெஃப் 2025 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை இதைக் கணக்கோடு எடுத்துக்காட்டியது. உலகில் 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில், 2000-ஆம் ஆண்டில் எடை குறைந்தவர்கள் ஏறத்தாழ 13 விழுக்காடு, உடற்பருமன் கொண்டவர்கள் 3 விழுக்காடு என்றிருந்தது. அது மாறி, எடை குறைந்தவர்கள் 9.2 விழுக்காடும் பருமன் கொண்டவர்கள் 9.4 விழுக்காடும் ஆயினர். உலகப் பிள்ளைகளிடையே பருமன் மெலிவை முந்தியது இதுவே முதன்முறை. தெற்காசியா இன்னும் அந்தக் கட்டத்தை எட்டவில்லை என்றும் அதே அறிக்கை கூறுகிறது. எட்டவில்லை என்பதால் ஆறுதல் அடைவதா, எட்டுமுன் விழித்துக்கொள்வதா என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

தமிழ்நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மிகை எடை கொண்டவை 4.3 விழுக்காடு. வயதுக்கேற்ற உயரமில்லாதவை 25 விழுக்காடு. வயதுக்கேற்ற எடையில்லாதவை 22 விழுக்காடு. இதை மட்டும் படிப்பவர், 'நமக்கென்ன பருமன் கவலை? மெலிவே பெருங்கவலை' என்பார். ஆனால் அதே ஆய்வில் அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டும். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும், அதே வயது ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையோ பருமனோ கொண்டவர்கள். தொட்டிலருகே நூற்றுக்கு நான்கு. வளர்ந்தபின் நூற்றுக்கு நாற்பது. இவ்விரண்டு எண்களுக்கும் நடுவே நிற்பது பள்ளிப்பருவம். உடல் எந்த ருசிக்குப் பழகுகிறது, எந்த அளவு அசைகிறது என்பவை பெரும்பாலும் அந்தப் பருவத்திலேயே உறுதிப்படுகின்றன.

மெலிந்த குழந்தைக்கும் பருத்த பிள்ளைக்கும் உறவே இல்லை என்று எண்ணவும் வேண்டா. புனே நகரில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் கிராமத்துத் தாய்மார்களையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். அக்குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடை ஏறத்தாழ 2.7 கிலோகிராம், இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு அது சுமார் 3.5. நம் குழந்தைகளிடம் தசையும் உள்ளுறுப்புகளும் குறைந்திருக்க, கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை என்பதே அவர்கள் கண்டது. மெலிந்து தோன்றினும் உள்ளே கொழுப்பு மிகுந்த உடல்! கருவிலே சத்துக் குறைந்து, பிறகு பள்ளி வயதில் இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் பெருகினால், அந்த உடல் நீரிழிவுக்கு விரைவில் இடங்கொடுக்கிறது. ஒரே வீட்டில் அக்காள் இரத்தசோகையால் வெளுத்தும், தம்பி பருத்தும் இருப்பதைக் காண்கிறோமே, அவை இருவேறு நோய்களல்ல. சத்தில்லாத உணவு என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பருத்த பிள்ளைக்கே இரத்தசோகையும் இருக்கக்கூடும்.

பருமனால் வரும் தீங்குகளை மருத்துவர்கள் நீண்ட பட்டியலாகச் சொல்வார்கள். முன்பெல்லாம் நாற்பதைக் கடந்தவர்களுக்கே வந்த இரண்டாம் வகை நீரிழிவு இப்போது பதின்பருவத்திலேயே தலைகாட்டுகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது, ஈரலில் கொழுப்புப் படிகிறது, முழங்கால் வலிக்கிறது, இரவில் மூச்சுத் திணறிக் குறட்டை விட்டு, பகலில் வகுப்பிலே பிள்ளை தூங்கி வழிகிறது. இவற்றையெல்லாம்விடப் பிள்ளைக்கு முதலில் தைப்பது கேலிச்சொல். 'குண்டு' என்று ஒருமுறை பெயர் வைக்கப்பட்ட பிள்ளை விளையாட்டிடத்திற்கு வருவதையே நிறுத்திவிடுகிறது. விளையாடாமையால் மேலும் பருக்கிறது. கேலியால் எந்தப் பிள்ளையும் இளைத்ததில்லை.

எது பருமன் என்று கண்ணால் மட்டும் முடிவு கட்டலாகாது. வளர்ந்தவர்களுக்கு உடல்நிறைக் குறியெண் ஒன்றைக் கணக்கிட்டு 25, 30 என்று எல்லை வைப்பது போல் பிள்ளைகளுக்கு ஒரே எல்லையை வைக்க முடியாது. வயதுக்கு வயது, ஆணுக்கும் பெண்ணுக்கும் அது மாறும். அதற்கென உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சி வரைபடங்களை வகுத்திருக்கிறது. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்டால் சொல்வார்கள். உயரத்தையும் எடையையும் ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தாலே, கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கணக்கு வைக்கும் நாம் பிள்ளைக்கு வைப்பதில் சிரமமில்லை.

இனி இதற்குக் காரணம் யார் என்று கேட்போம். பிள்ளையின் நாக்குத்தான் காரணம் என்பது எளிதான விடை. தாய் சமைக்கச் சோம்பினாள் என்பது அதைவிட எளிதான, அதைவிட அநியாயமான விடை. காலை 8 மணிக்கு விசைத்தறிப் பட்டறைக்கோ பின்னலாடை ஆலைக்கோ போய்விட்டு இருட்டிய பின் திரும்பும் தாய், பிள்ளையின் கையில் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அந்தப் பத்து ரூபாய்க்கு நம் தெருவில் என்ன கிடைக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் என்றே அளந்து கட்டிய பொரித்த வற்றல் பொட்டலம், கிரீம் பிஸ்கட்டு, சர்க்கரைப் பானம் ஆகியவை பெட்டிக்கடையின் வாசலிலே சரம் சரமாகத் தொங்குகின்றன. மழையிலும் வெயிலிலும் கெடாமல், மலையடிவாரச் சிற்றூர் வரை அவை வந்து சேர்கின்றன. அதே ஊரில் விளைந்த கொய்யாப்பழமோ லாரியேறி நகரச் சந்தைக்குப் போகிறது. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் அளவு வைட்டமின் சி இருக்கிறது. அதை விளைவித்தவர் பிள்ளை அதன் ருசியை மறந்து, பொட்டலத்தைப் பிரிக்கிறது. இதில் பிள்ளையின் குற்றம் எங்கே இருக்கிறது?

சர்க்கரையின் கணக்கைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. உணவிலிருந்து கிடைக்கும் மொத்தக் கலோரியில், சேர்க்கப்பட்ட சர்க்கரை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் அடங்கினால் இன்னும் நன்று என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,700 கலோரி தேவை. எனவே மேல்வரம்பு 42 கிராம் சர்க்கரை. விரும்பத்தக்க வரம்பு 21 கிராம். கடையில் விற்கும் கோலாப் பானத்தில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 10 முதல் 11 கிராம் சர்க்கரை உண்டு. 250 மில்லிலிட்டர் குப்பி ஒன்றைக் குடித்து முடித்தால் 26 கிராம் போல உள்ளே போய்விடுகிறது. தேக்கரண்டியால் அளந்தால் ஐந்துக்கு மேல்! ஒரு தம்ளர் காப்பியில் ஐந்து கரண்டி சர்க்கரை போட்டால் எந்த வீட்டிலும் பாட்டி கையைப் பிடித்துக்கொள்வாள். குப்பியில் அடைத்து வந்தால் ஒருவரும் கேட்பதில்லை. சர்க்கரைத் தண்ணீர் வயிற்றை நிறைத்த உணர்வைத் தருவதுமில்லை. பிள்ளை அதன்மேல் வழக்கமான சோற்றையும் உண்கிறது.

பாலில் கலக்கும் மாவுப் பொடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளை உயரமாக வளரும், கெட்டிக்காரனாகும் என்று விளம்பரம் செய்து விற்கும் பொடிகளில் பலவற்றில் சர்க்கரையே முதன்மையான பண்டம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணையவழி விற்பனை நிலையங்கள் இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானங்கள்' என்ற தலைப்பின்கீழ் வைத்து விற்கக் கூடாதென அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதுதான் காரணம். பொட்டலத்தின் முன்புறத்தில் ஓடும் குதிரையையும் சிரிக்கும் குழந்தையையும் பார்ப்பதை விட்டு, பின்புறத்தில் பொடியெழுத்தில் அச்சிட்ட கட்டத்தைப் பார்க்க வேண்டும். 100 கிராமுக்கு மொத்தச் சர்க்கரை எவ்வளவு, சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்பது அங்கே இருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளையையே உரக்கப் படிக்கச் சொல்லலாம். கணக்குப் பாடமாகவும் ஆயிற்று.

இங்கே நம்மவர்களிடையே பரவியுள்ள சில எண்ணங்களையும் திருத்திக்கொள்ள வேண்டும். வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரையல்ல என்று பலர் நம்புகிறார்கள். அவற்றில் சிறிது தாது உப்பு உண்டு. வெல்லம் காய்ச்சுவோரும் பனைத் தொழிலாளரும் நம்மவர்களே என்பதும் உண்மை. ஆனால் உடலுக்குள் அவை சர்க்கரையாகவே வேலை செய்கின்றன. அவ்வாறே, கேழ்வரகு, சாமை, தினை என்றாலே உடல் இளைத்துவிடும் என்பதும் மிகை. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்தைக்கூட எட்டாது. நார்ச்சத்தும் அரிசியைவிட மிகுதி. ஆகவே அது உயர்ந்த தானியமே. ஆனால் கலோரிக் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் ஒன்று. கேழ்வரகு மாவைச் சர்க்கரையும் டால்டாவும் சேர்த்துப் பிஸ்கட்டாக்கிச் 'சிறுதானியம்' என்று முத்திரை குத்தி விற்பது வேறொன்று. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின் இந்த இரண்டாவது வகை கடைகளில் மிகவும் பெருகியிருக்கிறது. அதே ஆண்டில் நீலகிரி, தர்மபுரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதை நாம் உண்மையான தொண்டாகக் கருதுகிறோம். ஏனெனில் அது விளைவிப்பவருக்கும் உண்பவருக்கும் நடுவில் பிஸ்கட்டு ஆலையை நிறுத்தவில்லை.

பள்ளியில் கிடைக்கும் உணவைக் குறை கூறுவோர் சிலர் உண்டு. 1956-ல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவத் தொடங்கிய மதிய உணவும், 1982 ஜூலை 1-ஆம் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும், பின்னர் அதனுடன் சேர்ந்த முட்டையும் இல்லாதிருந்தால் நம் பிள்ளைகள் பலர் பள்ளியின் படியையே மிதித்திருக்க மாட்டார்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். இதனால் பருமன் வந்துவிடும் என்பது பொருந்தாத பேச்சு. வயிறார உண்டு வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை, பத்தரை மணி இடைவேளையில் வாசற்கடைக்கு ஓட வேண்டிய அவசியமில்லை. காலையில் வெறும் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் விழுங்கிவிட்டு வந்த பிள்ளைக்குத்தான் அந்தக் கடை தெய்வமாகத் தெரிகிறது. நம் சங்கத்துப் பெற்றோர்கள் திட்டத்தைப் பழிப்பதை விட்டு, வாரத்தில் ஒரு நாள் பள்ளிச் சமையற்கூடத்திற்குப் போய்ச் சாம்பாரில் காய் இருக்கிறதா என்று பார்ப்பது பயன் தரும்.

உண்பது ஒரு பாதி. உடல் அசைவது மறுபாதி. நெசவும் உழவும் உடலை அசைத்துச் செய்யும் தொழில்கள். கைத்தறியில் அமர்ந்தவரின் கால் மிதிக்கும், கை இழுக்கும், நாடா ஓடும். பொழுது சாயும்வரை உடல் ஓயாது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தார் சுற்றினார்கள். பாவு நீட்டும்போது விடியற்காலையில் தெருவில் இறங்கி ஒத்தாசை செய்தார்கள். உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஆடு மேய்த்தார்கள், மடை திருப்பினார்கள். அந்த நாட்கள் திரும்ப வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை தறிக்குழியருகே குனிந்திருந்ததில் பெருமை ஏதும் இல்லை. அது தொலைந்தது நன்மையே. ஆனால் வேலை போன இடத்தில் விளையாட்டு வந்து அமர்ந்திருக்க வேண்டும். வந்து அமர்ந்ததோ தனிப்பயிற்சி வகுப்பும் கைப்பேசியும்.

பாவு நீட்டுவதற்கென்றே அகலமாக விடப்பட்ட நெசவாளர் தெருக்கள் ஒரு காலத்தில் மாலையில் பிள்ளைகளின் ஆடுகளமாகவும் இருந்தன. கிட்டிப்புள்ளும் சடுகுடுவும் பச்சைக்குதிரையும் அங்கேதான் நடந்தன. இன்று பாவு இயந்திரத்தில் ஓடுகிறது. தெருவில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. பள்ளியிலோ, விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வது யாவரும் அறிந்ததே. அந்தக் கடன் ஒருபோதும் திருப்பிக் கொடுக்கப்படுவதில்லை! பெண்பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம். பூப்பெய்திய மறுநாளிலிருந்து, 'இனி ஓடாதே, குதிக்காதே' என்று வீடே உத்தரவு போடுகிறது. முன்னே நாம் சொன்ன 40.4 விழுக்காட்டில் இந்த உத்தரவுக்கும் ஒரு பங்கு உண்டு என்றே கருதுகிறோம்.

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. இதற்குப் பெரிய மைதானமோ பயிற்சியாளரோ வேண்டும் என்பதில்லை. ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் நகரத்துப் புனித நினியன் தொடக்கப் பள்ளியில் எலைன் வைலி என்ற தலைமை ஆசிரியை 2012-ல் ஓர் எளிய ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு வகுப்பும் நாள்தோறும் 15 நிமிடம் வெளியே வந்து, உடுத்திய உடையிலேயே, பள்ளித் திடலைச் சுற்றி ஓட வேண்டும், முடியாதவர் நடக்கலாம். போட்டி இல்லை, முதலிடம் கடைசியிடம் என்பதில்லை. தனிச்சீருடை இல்லை, செலவும் இல்லை. 'தினம் ஒரு மைல்' என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. அதில் ஈடுபட்ட பிள்ளைகளின் உடல்திறன் கூடியதையும் உடற்கொழுப்பு குறைந்ததையும் ஸ்டர்லிங், எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்டார்கள். இதில் நம்மைக் கவர்வது ஓட்டமன்று, போட்டியின்மை. நம் பள்ளிகளில் விளையாட்டு விழா என்றால் வேகமாக ஓடும் பத்துப் பேர் ஓட, மற்றவர்கள் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். ஓட வேண்டியவர்கள் கைதட்டும் அந்த மற்றவர்களே.

ஊரே சேர்ந்து முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு வட பிரான்சிலுள்ள ஃப்ளூர்பே, லவாந்தி என்ற இரு சிற்றூர்கள் சான்றாகும். 1992-ல் அவ்வூர்ப் பள்ளிகளில் உணவு பற்றிய பாடத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் பாடத்தைக் கற்றார்கள். ஆயினும் முதலில் மிகை எடை குறையவில்லை, ஏறவே செய்தது. அத்துடன் கைவிட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் நகராட்சியும் மருத்துவர்களும் கடைக்காரர்களும் விளையாட்டுச் சங்கங்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். 2004-ல் கணக்கெடுத்தபோது, அவ்விரு ஊர்ப் பிள்ளைகளில் மிகை எடை கொண்டோர் 8.8 விழுக்காடு, ஒப்பிட்டுப் பார்த்த மற்ற ஊர்களில் 17.8. பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்பதைக் கவனிக்க வேண்டும். வகுப்பறையில் கேழ்வரகின் பெருமையைப் பேசிவிட்டு, வாசலில் கோலாவைத் தொங்கவிட்டால் எந்தப் பாடமும் ஏறாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

வாசலைச் சட்டத்தால் சீர்செய்த நாடும் உண்டு. தென்னமெரிக்காவிலுள்ள சிலி 2016 ஜூனில் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிகுந்த பண்டத்தின் பொட்டலத்தின்மேல் கறுப்பு எண்கோண முத்திரை இருக்க வேண்டும். முத்திரை பெற்ற பண்டத்தைப் பள்ளிக்குள் விற்கலாகாது. பிள்ளைகளை ஈர்க்கும் சித்திரப் பாத்திரங்களைப் பொட்டலத்தில் அச்சிடலாகாது. ஒன்றரை ஆண்டிற்குள் முத்திரை பெற்ற இனிப்புப் பானங்களை மக்கள் வாங்கும் அளவு ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்தது. நம் நாட்டிலும் 2020-ஆம் ஆண்டின் விதிகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கக் கூடாது என்கின்றன. விதி இருக்கிறது. நாடாவைப் பிடித்து வாயிலிலிருந்து ஐம்பது மீட்டரை அளந்து பார்த்தவர் எத்தனை பேர்?

இங்கேதான் நம் பண்டகசாலையின் நினைவு வருகிறது. 1904-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில் சில நண்பர்கள் கூடிக் கூட்டுறவுப் பண்டகசாலையைத் தொடங்கியபோது, கலப்படமற்ற பொருளைச் சரியான அளவில், நியாயமான விலையில் கொடுப்பதே அவர்களுடைய எண்ணமாக இருந்தது. அங்கத்தினர்தாம் அதன் உடைமையாளர். அவருடைய பிள்ளைதான் அதன் வாடிக்கைக்காரர். இலாபத்தையே நோக்கமாகக் கொண்ட கடை, எது விரைவில் விற்குமோ அதைப் பிள்ளையின் கண்மட்டத்தில் வைக்கும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் நம்முடைய பண்டகசாலையிலும் கல்லாப் பெட்டிக்கருகே அதே பொட்டலங்கள் அதே உயரத்தில் இருக்குமானால், அதற்கும் தனியார் கடைக்கும் பெயர்ப்பலகையைத் தவிர வேறு என்ன வேற்றுமை?

'நாம் விற்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவார்கள். நமக்குத்தான் நட்டம்' என்று செயலாளர்கள் சொல்வதை நாம் அறிவோம். அதில் உண்மை உண்டு. அடியோடு விற்காதீர்கள் என்று நாம் கேட்கவில்லை. கண்மட்டத்திலிருந்து மேல்தட்டுக்கு மாற்றுங்கள், சரமாகத் தொங்கவிடாதீர்கள், பள்ளி விடும் நேரத்தில் முன்மேசையில் வேறு பண்டங்கள் இருக்கட்டும். வேறு பண்டங்களுக்கு நமக்குப் பஞ்சமில்லை. அவித்த நிலக்கடலை, கொண்டைக்கடலைச் சுண்டல், வாழைப்பழம், கொய்யா, நெல்லிக்காய், வெள்ளரிக்காய், அவித்த முட்டை, பால் கூட்டுறவுச் சங்கத்தின் நீர்மோர் என்று எத்தனையோ உண்டு. கடலைமிட்டாயும் இருக்கலாம், வெல்லம் உண்டென்றாலும் கடலையின் புரதம் உண்டு, சிறு துண்டோடு பிள்ளை நிறைவடையும். இவற்றில் பெரும்பாலானவற்றை விளைவிப்பவர்கள் நம் அங்கத்தினர்களே. தரகர் கையில் கொடுத்து, நகரத்துக்குப் போய், பாதி அழுகி, மீதி விலையேறித் திரும்பும் கொய்யாவை நேரே பண்டகசாலைக்கு எடுத்துவந்தால், விளைவிப்பவருக்குக் கூடுதல் விலையும் பிள்ளைக்குக் குறைந்த விலையும் ஒருங்கே கிடைக்க இடமுண்டு. பத்து ரூபாய்க்கு ஒரு கைப்பிடிச் சுண்டல் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. சுண்டல் கெட்டுப்போகும், பொட்டலம் கெடாது என்பது உண்மையான இடர்ப்பாடு. நாளொன்றுக்கு எவ்வளவு விற்கும் என்று அறியும்வரை முதலிரண்டு மாதம் சிறு நட்டம் வரலாம். துணை விதிகள் இடந்தரும் சங்கங்களில் அதைப் பொதுநல நிதியிலிருந்து ஈடுசெய்வதைப் பேரவைக் கூட்டத்தில் பேசலாம். அவிக்கும் பொறுப்பை ஊரிலுள்ள மகளிர் குழுவிடம் விட்டால் அவர்களுக்கும் ஒரு வருமானம்.

வீட்டிலே செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கலாம். பருத்த பிள்ளைக்கு மட்டும் தட்டில் பாதியைக் குறைத்து, மற்றவர்கள் அதன் எதிரிலேயே அப்பளம் நொறுக்குவது கொடுமை. மாற்றம் வீடு முழுவதற்கும் ஒன்றாக இருக்க வேண்டும்: சோற்றைச் சிறிது குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டுதல், தாகத்திற்குத் தண்ணீர், கைப்பேசியைத் தள்ளிவைத்துவிட்டு உண்ணுதல், பள்ளி வயதுப் பிள்ளைக்கு 9 மணி நேரத்திற்குக் குறையாத தூக்கம். வளரும் பிள்ளையைப் பட்டினி போட வேண்டா. எடை ஏறாமல் நின்றாலே போதும். உயரம் ஏற ஏற உடல் தானே ஒத்துவரும். மிகுதியாகப் பருத்திருந்தாலும், கழுத்தின் பின்புறம் தோல் கறுத்துத் தடித்திருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்தக் கறுப்பு அழுக்கன்று, தேய்த்துப் போகாது. அது நீரிழிவு வரக்கூடும் என்பதற்கு முன்னறிகுறியாக இருக்கலாம். பள்ளியில் எடை பார்க்கும் நாளில் எண்ணை வகுப்பின் நடுவே உரக்கப் படிக்க வேண்டா என்று ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளையின் எடை பெற்றோருக்குத் தெரிந்தால் போதும்.

இன்னொன்று. பல நெசவாளர் சங்கங்களில் அலுவலகக் கட்டடத்தை ஒட்டிப் பாவு போடும் திடலோ, சாயமிட்ட நூலை உலர்த்தும் இடமோ இருக்கிறது. விவசாயிகளின் சங்கங்களில் அறுவடைக்காலம் தவிர மற்ற மாதங்களில் வெறிச்சோடிக் கிடக்கும் களம் இருக்கிறது. மாலை 5 மணி முதல் ஏழு மணி வரை அவற்றைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். வாரத்தில் மூன்று நாட்களையாவது பெண்பிள்ளைகளுக்கென ஒதுக்கி, அவர்களுடைய தாய்மாரில் இருவர் உடனிருந்தால் வீட்டாரும் தடை சொல்ல மாட்டார்கள். இரண்டு பந்து, நான்கு தாண்டுகயிறு, ஒரு மின்விளக்கு. கயிற்றுக்கு நம்மிடமே நூல் இருக்கிறது. வெளிக்கதவின் சாவி யாரிடம் என்பதை நிர்வாகக் குழு இந்த மாதமே முடிவு செய்யட்டும்.